எழுப்புச் சர்க்கரை

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, தொழில் புத்தி. எதை வாயில் வைத்தாலும் அதில் சர்க்கரை எவ்வளவு இருக்கும் என்று என் நாக்கு தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிடும். வீட்டிலும் இதே தொல்லைதான். “நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?” என்று என் மனைவி கேட்பாள். இப்போது கேட்பதில்லை. என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

நீங்கள் கேட்டது என் மைத்துனனைப் பற்றி. மனைவியின் ஒரே தம்பி, எங்கள் ஆராய்ச்சி மையத்தில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தவன். அவன் எப்படி இறந்தான் என்று நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. சொல்கிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆகாயத்தாமரையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும். தட்டச்சு செய்கிறவர் அவசரப்பட வேண்டியதில்லை. நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

எங்கள் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். ஏரியைப் பார்த்திருந்தால் தண்ணீரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஆகாயத்தாமரைதான். உப்பிய காம்பும் ஊதாப் பூவுமாகப் பார்க்க லட்சணமாக இருக்கும். பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பினால் பிடுங்கிய இடம் மூடியிருக்கும். ஊரே அதைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது நான் ஒருவன்தான் அதை மதித்தேன். இவ்வளவு வேகமாக வளர்கிற ஒன்று, வெயிலை வாங்கி உள்ளே எதையோ சேர்த்து வைத்துத்தானே ஆக வேண்டும். அந்த எதையோவுக்குப் பெயர் சர்க்கரை. தண்டிலும் இலையிலும் நாரோடு நாராகப் பின்னிக் கிடக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, காய்ச்சி வடித்தால் சாராயம். நாங்கள் மரியாதையாக எரிசாராயம் என்போம். வண்டியில் ஊற்றினால் ஓடும். காகிதத்தில் இந்தத் திட்டத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. காகிதத்தில் நான் மிக நல்ல விஞ்ஞானி.

ஏரிக்கரையில் மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலையை எங்களுக்குக் கொடுத்தார்கள். செடியைப் பிடுங்கி, வேரை நறுக்கி எறிந்து, வெயிலில் காயப்போடுவோம். ஒரு லாரிச் செடி காய்ந்தால் அறையின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மீதியெல்லாம் தண்ணீர். காய்ந்ததை மாவாக்கி, நீர்த்த அமிலத்தில் வேகவைத்து, சுண்ணாம்பு போட்டு அமிலத்தை அடக்கி வடிகட்டினால் பழுப்பாக ஒரு சாறு வரும். அந்தச் சாற்றில் சர்க்கரை இருக்கிறது. இதை நான் எந்த மேடையிலும் அடித்துச் சொல்வேன். ஆனால் அதில் பெரும்பகுதி சாதாரண ஈஸ்டுக்குப் பிடித்த சர்க்கரை இல்லை. ஈஸ்ட் என்பது செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை மாதிரி. கரும்புச் சர்க்கரையைக் கண்டால் பாயும். செடிச் சர்க்கரையை முன்னால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போதாக்குறைக்கு, வேகும்போது அதன் உடம்புக்கு ஆகாத பொருள்கள் சிலவும் சாற்றில் இறங்கிவிடும்.

முதல் தொட்டியில் ஈஸ்டைப் போட்டுவிட்டு நானும் ஆய்வகத்துப் பெண்ணும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். சாறு புளித்தால் அந்தக் குழாயில் குமிழி வர வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. எங்களுக்கு நிதி கொடுத்த துறையின் செயலர் மறுநாள் காலை பார்வையிட வருவதாக இருந்தது.

ஈஸ்டைத் தொட்டியில் போடுவதற்கு முன் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எழுப்புவது எங்கும் உள்ள வழக்கம். ரொட்டி சுடுகிறவர்கள்கூடச் செய்வார்கள். அதற்கு எழுப்புச் சர்க்கரை என்று எங்களுக்குள் பெயர். ஒரு கரண்டி போதும். அன்றைய ஈஸ்ட் கொஞ்சம் ஆழ்ந்து தூங்குகிற ஈஸ்ட், கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது. டீ போடும் அறையிலிருந்த சர்க்கரை டப்பாவைத் தொட்டியில் அப்படியே கவிழ்த்தேன். ஆய்வகத்துப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி, ஏரியில் ஏதோ புதிதாகத் தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல பெண். அடுத்த வருஷமே பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்தேன்.

மறுநாள் குழாய் கலகலவென்று குமிழி விட்டது. செயலர் குனிந்து அதில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, “ஏரி பேசுது” என்றார். அது செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வந்தது. அதற்குப் பிறகு எங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

பெரிய தொட்டிகள் வந்தன. பெரிய தொட்டிக்குப் பெரிய தூக்கம். டப்பா மூட்டையானது, மூட்டை லாரியானது. இதையெல்லாம் வெளியாள் கையில் ஒப்படைக்க முடியாது. மைத்துனன் வேலையில்லாமல் எங்கள் வீட்டு மாடியில் சும்மா இருந்தான். அவனுக்கு ஏதாவது வழி பண்ணுங்கள் என்று மனைவி நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் மாதிரி ஸ்டோர்ஸ் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். மூட்டைகளின்மேல் நுண்ணுயிர் ஊட்டம் என்று எழுதச் சொன்னது நான். எழுதியது அவன். அவனுடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும். சர்க்கரை என்று தெரிந்ததும் அவன் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம். பெரிய மனிதர்கள் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், “இதுல வேற எதுவும் கலக்கறீங்களா?” என்று கேட்பார். “எதுவும் கலக்கல, சுத்தமான ஏரி” என்பேன். பின்னால் நிற்கும் மைத்துனனுக்கு அந்த நேரத்தில் சரியாக இருமல் வந்துவிடும். எத்தனை தடவை கேட்டார்களோ அத்தனை தடவையும் அதே பதிலைச் சொன்னேன், அவனும் அத்தனை தடவையும் இருமினான். சொல்லச் சொல்ல அந்தப் பதில் எனக்கு வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு எறும்பு வந்தது. மதில் ஓரத்திலிருந்து ஸ்டோர்ஸ் கதவுவரை கறுப்பாக ஒரு கோடு. “அத்தான், ஆகாயத்தாமரைக்கு எறும்பு வந்து இப்பத்தான் பாக்கறேன்” என்றான். மருந்து அடிக்கலாமா என்று கேட்டான். நான் வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்தபோது அவர்களை அந்தக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். இந்தச் செடியில் சர்க்கரை இருக்கிறது என்று மனிதர்களுக்குச் சந்தேகம் இருக்கலாம், எறும்புக்கு இல்லை என்றேன். கைதட்டினார்கள். ஒருவர் எறும்பைப் படம் எடுத்தார். மைத்துனன் குளியலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

செடிக்குத் தட்டுப்பாடு வரக்கூடாது என்று ஏரி முழுவதையும் எங்களுக்கே ஒதுக்கிவிட்டார்கள். வலை வீசக் கூடாது, படகு இறக்கக் கூடாது. நாங்கள் பிடுங்கியதோ கொஞ்சம்தான். படம் எடுக்க வருகிறவர்களுக்குக் குவித்துக் காட்டுகிற அளவுக்குப் பிடுங்குவோம். ஆகவே செடி நிம்மதியாக வளர்ந்தது. வலைக்காரர்கள் அவ்வப்போது வாசலில் வந்து நின்று, ஏரி எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்கிற வேலையும் மைத்துனனுடையது. ஏரியின் எதிர்காலத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லி அனுப்பச் சொன்னேன். முதலில் சொன்னான். பிறகு அவர்களை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டான்.

எங்கள் சரக்கு நல்ல சரக்கு. நல்ல சர்க்கரையில் செய்தது வேறு எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் மைத்துனன், ஃபிட்டர், லாரி டிரைவர் மூவரும் ஸ்டோர்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் குடிப்பார்கள். எனக்குத் தெரியும். கண்டும் காணாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால் உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. செயலரின் காரும் எங்கள் சரக்கில்தான் ஓடியது, ஆனால் காருக்கு வாய் கிடையாது. இவர்கள் மூன்று பேரும்தான் ருசித்துப் பாராட்டியவர்கள்.

இப்படியே போயிருக்கலாம். ஒரு நிபுணர் குழு வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் முறை நன்றாக இருக்கிறது என்று அவர்கள் தலையாட்டினால் நாட்டில் இருக்கும் மற்ற ஏரிகளையும் இப்படியே மாற்றிவிடலாம். அதற்கெல்லாம் தலைவர் நான். செயலர் என்னை வீட்டுக்கே கூப்பிட்டுச் சொன்னார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அந்த வாரம்தான் மைத்துனன் என் அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அத்தான், தினமும் வருவாரே ஒரு வலைக்காரர், அவர் இப்ப வர்றதில்ல. விசாரிச்சேன். படகை உடைச்சு வெறகுக்கு வித்துட்டு, குடும்பத்தோட ஊரை விட்டே போயிட்டாராம்.”

நான் வருத்தம் தெரிவித்தேன்.

“குழு வந்தா நான் சொல்லிடப் போறேன். எனக்கு உங்களை மாதிரி பேச வராது. ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்திக் குடுப்பேன். ஏரியில வந்ததா கரும்புல வந்ததான்னு அவங்க நாக்கே சொல்லிடும்.”

“உங்க அக்காவை நெனச்சுப் பாரு” என்றேன்.

“நெனச்சுப் பாத்துட்டேன். மூட்டையில எழுதினது என் கை. நானும் உங்களோட சேர்ந்தே மாட்டிக்கறேன். உங்களைத் தனியா விட மாட்டேன்.”

அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. அத்தனை வருஷமும் எதை வெறுத்தேனோ அதை அந்த நேரத்தில் அவன் முகத்தில் தேடினேன். அது இருந்திருந்தால் இது வெறும் வாய்ச்சவடால் என்று விட்டிருப்பேன். யோசித்துச் செய்யலாம் என்று சொல்லி அனுப்பினேன். யோசித்துத்தான் செய்தேன்.

எரிசாராயம் சம்பந்தமாக ஒரு விதி இருக்கிறது. யாரும் அதைக் குடிக்கக் கூடாது என்பதற்காக அதில் மெத்தனால் கலந்து வைக்க வேண்டும். மெத்தனால் என்பது விஷச் சாராயம். வண்டிக்கு ஒன்றும் ஆகாது, மனிதனுக்குக் கண் போகும், உயிரும் போகும். விதி முதல் நாளிலிருந்தே இருக்கிறது. மெத்தனால் பீப்பாயும் முதல் நாளிலிருந்தே சீல் உடைக்காமல் சுவரோரம் நின்றது. நாங்கள்தான் அலட்சியமாக இருந்துவிட்டோம். குழு வரும் சமயத்தில் எல்லாம் விதிப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. வியாழக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, ஸ்டோர்ஸை ஒட்டியிருந்த தொட்டியில் நானே கலந்தேன்.

அதே விதியில் இன்னும் இரண்டு வரி உண்டு. வாயில் வைக்க முடியாதபடி கசப்பு சேர்க்க வேண்டும். தொட்டியின்மேல் எச்சரிக்கை எழுத வேண்டும். கசப்பு மருந்தை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். எழுத்தைப் பொறுத்தவரை, எங்களிடம் அழகாக எழுதத் தெரிந்தவன் மைத்துனன் ஒருவன்தான். அவனிடம் போய் அதை எழுதச் சொல்ல மனம் வரவில்லை.

நீங்கள் பார்க்கிற பார்வை புரிகிறது. மீன் விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி உங்களிடம் சொன்னது உண்மைதான். வெள்ளிக்கிழமை காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பேருக்கும் சேர்த்து மீன் சொல்லி வைக்கட்டுமா என்று அவள் உள்ளேயிருந்து கேட்டாள். ஏரியில் மீன் பிடிப்பது நின்றதிலிருந்து முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். ரெண்டு பேருக்குப் போதும் என்றேன். “ஏன், தம்பி எங்கயாவது போறானா?” என்றாள். “போகலாம்” என்றேன். எனக்குச் சாப்பாடு வீணாவது பிடிக்காது. அளந்து வாங்குவது, அளந்து போடுவது, இது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கம்தான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது.

அன்று சாயங்காலம் மூவரும் வழக்கம்போல ஸ்டோர்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அவர்களைக் கடந்துதான் நான் கார் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போக வேண்டும். மைத்துனன் டம்ளரை என் பக்கம் தூக்கிக் காட்டினான். நான் கையசைத்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டான். கலந்த அளவு போதாதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை அவன் இறங்கி வரவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது, வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

“அத்தான், கரண்ட் போயிடுச்சா?”

“ஆமா” என்றேன். அவனைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. எனக்கு அவனைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனை என் கல்யாணத்தன்று அரை டிராயரில் பார்த்தது முதல் எனக்குப் பிடிக்கும்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது மனைவி. ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் பெண், கெட்டிக்காரி. என்ன குடித்தார் என்று கேட்டாள். எங்கள் மையத்து எரிசாராயம், ஆகாயத்தாமரையிலிருந்து எடுத்தது என்றேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அதுல வேற எதுவும் கலந்திருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. என்னன்னு தெரிஞ்சா உடனே அதுக்கான மருந்து ஏத்திடலாம். நேரம் ஆக ஆகக் கஷ்டம்.”

மனைவி என் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். யோசிக்கச் சொன்னார்கள், நானும் யோசித்தேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

“எதுவும் கலக்கல” என்றேன். “சுத்தமான ஏரி.”

இந்தத் தடவை இருமுவதற்கு ஆள் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தான்.

மெத்தனாலோ என்று முதலில் சந்தேகப்பட்ட அந்தப் பெண், ஒரு விஞ்ஞானி சொன்னதை நம்பி, ஆகாயத்தாமரையில் என்ன விஷம் இருக்கும் என்று புத்தகம் பார்த்தாள், தாவரவியல் பேராசிரியர் ஒருவருக்குப் போன் செய்தாள். அப்படி ஒரு விஷம் அதில் கிடையாது, அப்பாவிச் செடி அது. ஃபிட்டரும் டிரைவரும் மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். அவர்களைப் பற்றியும் என்னிடம்தான் கேட்டார்கள். அதே பதிலைச் சொன்னேன், ஆளுக்கொரு பதில் சொல்ல முடியாதே. கடைசியில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்து அவளே கண்டுபிடித்தபோது மைத்துனனுக்கு நேரம் கடந்துவிட்டது. டிரைவர் பிழைத்துக்கொண்டார், பார்வை இல்லை. ஃபிட்டருக்கு வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரிகிறதாம். மெத்தனால் விஷத்துக்கு நல்ல சாராயமே மாற்று மருந்தாகப் பயன்படும் என்று பிறகு அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். அது எனக்கு முன்பே தெரியும். கலக்காத தொட்டி ஒன்று எங்களிடம் நிறைந்தே இருந்தது.

இரங்கல் கூட்டத்தில் செயலர் நன்றாகப் பேசினார். ஏரி எரிபொருளுக்காக உயிர் கொடுத்த முதல் தியாகி என்றார். நானும் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு பேர் மீனை மனைவி வாங்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அவள் வீட்டுக்கு வராமல் நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். மெத்தனாலைக் கலந்தது நான்தான். அவன் குடிப்பான் என்று தெரிந்தே கலந்தேன். மற்ற இருவரும் குடிப்பார்கள் என்பதும் தெரியும். டாக்டர் கேட்டபோது தெரிந்தே மறைத்தேன். சொல்லியிருந்தால் அவன் இன்று உயிரோடு இருப்பான். அவனைக் கொன்றது நான். இதில் எந்தத் திருத்தமும் வேண்டாம், பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இந்தத் தாளில் இரண்டாவதாக ஒரு வரி இருக்கிறதே, எரிபொருளில் கரும்புச் சர்க்கரை கலந்து மோசடி செய்ததாக. அதை அடித்துவிடுங்கள். அதோடு சேர்த்து என்னால் கையெழுத்துப் போட முடியாது. கொலைகாரன் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கலப்படக்காரன் என்று சொன்னால் பொறுக்க மாட்டேன். அது எழுப்புச் சர்க்கரை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஈஸ்ட் தானாகவே எழுந்திருக்கும். இந்த டீயையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை தூக்கல்தான், நான்தான் சொன்னேனே. ஆனாலும் இதை என் முன்னால் வைக்கும்போது சர்க்கரைத் தண்ணீர் வேண்டுமா என்றா கேட்டீர்கள்? டீ வேண்டுமா என்றுதானே கேட்டீர்கள்.